அடைபட்ட எரிபொருள் உட்செலுத்தி: ஒரு செய்முறையைத் தமிழில் விளக்குதல்

தமிழில் தொழில்நுட்பத்தை எழுத முடியுமா என்னும் வினாவுக்கு நம் மேடைகளில் பலமுறை விடை கூறப்பட்டுவிட்டது. அவ்விடை பெரும்பாலும் ஒரு கலைச்சொற்பட்டியலாகவே முடிகிறது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பழுதை நீக்க இயலுமா என்று சோதித்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. இவ்வுரையில் ஒரே ஒரு பழுதை எடுத்துக்கொள்கிறேன். நெடுநாள் ஓட்டப்படாமல் நின்றுபோன பழைய காரில் எரிபொருள் உட்செலுத்திகள் அடைபட்டுப் போவதும், அவற்றைத் துப்புரவு செய்வதும் இங்குப் பொருளாகின்றன. பழுதைப் புரிந்துகொள்வதே முதல் நோக்கம். மொழியைப் பற்றிய குறிப்புகள், பழுது எங்கெங்கே அவற்றைக் கேட்கிறதோ அங்கங்கே வரும்.

மலேசியச் சூழலில் இப்பழுது புதிதன்று. 1985-இல் வெளிவந்த முதல் புரோட்டான் சாகா, கார்புரேட்டர் பொருத்திய வண்டி. 1993-இல் வந்த வீராவின் 1.6 லிட்டர் வகையில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் உட்செலுத்தி உண்டு. அத்தலைமுறைக் கார்கள் பல இன்றும் நம் வீட்டு முன்தாழ்வாரங்களில் துணி போர்த்தி நிற்கின்றன. தந்தை ஓட்டிய வண்டி என்பதால் விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர் உண்டு. பிள்ளை வெளிநாடு சென்றதால் நிறுத்தி வைத்தவர் உண்டு. 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நிறுத்தியதை அதன்பின் எடுக்காமலே விட்டவரும் உண்டு. ஒரு நாள் பேட்டரியை மாற்றிச் சாவியைத் திருப்புகிறார்கள். இயந்திரம் சுழல்கிறது, உயிர் பெறவில்லை. உயிர் பெற்றாலும் மூன்று கால் மாட்டைப் போல நொண்டுகிறது.

தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிலும் நம் மாணவர் இதன் காரணத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோ நன்றாகவே எழுதிவிடுவார். வீட்டில் தாத்தாவிடம் விளக்க வேண்டிய நேரத்தில் ‘இதைக் கழற்றி, அதைத் தட்டி, இங்கே ஊற்றி’ என்று சுட்டுச்சொற்களில் ஒதுங்கிக்கொள்கிறார். பெட்ரோல் தொடர்பான வேலையில் சுட்டுச்சொல் போதாது. ஒரு சொல் பிறழ்ந்தால் தீப்பற்றும்.

அதற்கு நல்ல எடுத்துக்காட்டு ‘எண்ணெய்’ என்னும் சொல். இந்நாட்டுத் தமிழர் பேச்சில் பெட்ரோலுக்கு எண்ணெய் என்றே பெயர். பெட்ரோல் நிரப்பும் இடம் எண்ணெய் நிலையம். மலாய்ச் சொல்லான மினியாக் சமையல் எண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் பொதுவாக நிற்பதன் நிழல் இது. இயந்திர எண்ணெயை மலாயில் ‘மினியாக் ஈத்தாம்’ என நிறத்தால் பிரித்துக்கொள்வர். இந்த வழக்கைக் குறையாக நான் கருதவில்லை. ஒரு சமூகம் தன் சூழலோடு வாழ்ந்ததன் தடம் அது. ஆனால் ‘முதலில் பழைய எண்ணெயை வடித்துவிடு’ என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னால், கேட்பவர் முன்னே இயந்திரத்தின் அடியில் உள்ள திருகைத் திறப்பாரா, பின்னே தொட்டியின் அடியில் உள்ளதைத் திறப்பாரா? எனவே இவ்வுரை முழுதும் ‘பெட்ரோல்’, ‘இயந்திர எண்ணெய்’ என்னும் இரு பெயர்களையே கையாள்கிறேன். வழக்குச்சொல்லைப் பேச்சுக்கு விட்டுவிட்டு, செய்முறை எழுதும்போது மட்டும் பிரித்துக்கொள்ளும்படி மாணவருக்குக் கூறலாம். (வண்டியை நம்மவர் ‘காடி’ என்பதும் இத்தகையதே. எழுத்துத் தமிழில் காடி என்பது புளித்த நீரைக் குறிக்கும் என்று சொன்னால் வகுப்பு சிரிக்கும், சிரித்தபின் மறக்காது.)

இனி உட்செலுத்தியைப் பார்ப்போம். சுட்டுவிரல் நீளமுள்ள ஒரு சிறு குழல் அது. மேல்வாயில் பெட்ரோல் புகுகிறது. அங்கே கண்ணுக்குத் தெரியும் அளவில் ஒரு சிறு கூடை வடிகட்டி இருக்கிறது. உள்ளே ஒரு கம்பிச்சுருள். அதன் நடுவே வில்லால் அழுத்தி மூடப்பட்ட ஓர் ஊசி. சுருளில் மின்சாரம் பாயும்போது காந்தமாகி ஊசியைத் தூக்குகிறது; மின்சாரம் நின்றதும் வில் ஊசியை இருக்கையில் அமர்த்திவிடுகிறது. ஊசி எழும்பும் உயரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே.

இதன் செயலை விளங்கிக்கொள்ளக் குளத்து மதகை நினைத்துக்கொள்க. குளத்தின் நீர்மட்டம் மாறாமல் நிற்கிறது. மதகின் துளையும் மாறாத அளவுடையது. அப்படியானால் வயலுக்குச் செல்லும் நீரின் அளவை முடிவு செய்வது எது? மதகு திறந்திருக்கும் நேரம் மட்டுமே. உட்செலுத்தியிலும் இதே கணக்குதான். பெட்ரோலின் அழுத்தத்தை ஒரு சீராக்கி, உட்கொள் குழாயின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 3 பார் கூடுதலாக வைத்திருக்கிறது. துளை மாறாதது. ஆகவே காரின் கட்டுப்பாட்டுக் கணினி நேரத்தை மட்டுமே அளந்து பெட்ரோலை அளக்கிறது. நிமிடத்திற்கு 800 சுற்று என்னும் சும்மா ஓடும் வேகத்தில் ஓர் உட்செலுத்தி தன் முறை வருவதற்கு 150 மில்லிவிநாடி காத்திருந்து, இரண்டு மூன்று மில்லிவிநாடி மட்டும் திறந்து மூடுகிறது. மதகில் வண்டல் படிந்து துளை சுருங்கிவிட்டால், நேரத்தை மட்டும் எண்ணும் காவலருக்கு அது தெரியாது. அவர் கணக்கில் வயலுக்கு நீர் போய்விட்டது, வயலோ காய்கிறது.

வண்டல் எங்கிருந்து வருகிறது? பெட்ரோல் ஒரே பொருளன்று. நூற்றுக்கணக்கான நீரகக்கரிமங்களின் கலவை. நிற்கும் வண்டியில் மெல்லிய பகுதிகள் முதலில் ஆவியாகின்றன. எளிதில் தீப்பற்றி இயந்திரத்தைக் கிளப்புபவை அவைதாம். எஞ்சிய பகுதியில் இரட்டைப் பிணைப்புடைய மூலக்கூறுகள் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, ஒன்றோடொன்று பிணைந்து பிசினாகின்றன. தெளிந்திருந்த பெட்ரோல் செம்பழுப்பு நிறமடைந்து பழைய வார்னிஷின் மணம் வீசத் தொடங்கும். நம் வெயிலில் இவ்வினை விரைவாக நடைபெறுகிறது. பகலில் சூடேறி இரவில் குளிரும் தொட்டி மூச்சு வாங்குவது போல ஈரக் காற்றை உள்ளிழுக்கிறது. ஈரம் தொட்டிச் சுவரில் நீர்த்துளியாகப் படிகிறது. நீர் பெட்ரோலைவிடக் கனமானதால் அடியில் தங்குகிறது. இரும்புத் தொட்டி துருவேறுகிறது. பெட்ரோலில் எத்தனால் கலந்து விற்கும் நாடுகளில் நீர்ச்சிக்கல் இன்னும் கூடுதல். இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்டதால், அங்கு வெளியாகும் தமிழ்க் கட்டுரைகளைப் படிக்கும் நம் மாணவர் இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்.

உட்செலுத்திக்கு உள்ளேயே மற்றொரு நிகழ்வும் உண்டு. ஓடிய இயந்திரத்தை நிறுத்தியதும் குளிர்நீர் சுற்றுவது நின்றுவிடுவதால் சிலிண்டர் தலையின் சூடு சிறிது நேரம் ஏறுகிறது. ஊசிமுனையில் தங்கிய ஒரு துளிப் பெட்ரோல் அச்சூட்டில் உலர்ந்து, கழுவாத பாத்திரத்தின் அடியில் காய்ந்த பாலேடு போல ஒட்டிக்கொள்கிறது. நாள்தோறும் ஓடும் வண்டியில் அடுத்த நாள் வரும் புதுப் பெட்ரோல் அதைக் கரைத்துச் செல்லும். நின்ற வண்டியில் கரைக்க ஆளில்லை. இத்தகைய படிவுகள் 1980-களில் அமெரிக்காவில் பெருஞ்சிக்கலாகி, 1995 சனவரி முதல் அங்கு விற்கப்படும் பெட்ரோல் அனைத்திலும் படிவு நீக்கும் சேர்மானம் கட்டாயமாக்கப்பட்டது.

‘அடைப்பு’ என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பது உண்மையில் மூன்று பழுதுகள். துளை சுருங்கிப் பெட்ரோல் குறைவாக வருவது ஒன்று. இதுவே சரியான பொருளில் அடைபடுதல். ஊசி தன் இருக்கையில் பிசினால் ஒட்டிக்கொண்டு திறக்கவே மறுப்பது மற்றொன்று; இதை ஒட்டிக்கொள்ளுதல் என்போம். ஊசிக்கும் இருக்கைக்கும் இடையே துருத்துகள் சிக்கி முழுதாக மூடாமல் போவது மூன்றாவது, இது ஒழுகுதல். முதலிரண்டில் பெட்ரோல் போதவில்லை, மூன்றாவதில் மிகுந்துவிடுகிறது. மூன்றாவதே பேரிடர். ஒழுகிய பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி இயந்திர எண்ணெயில் கலக்கிறது. எண்ணெய் அளவுகோலை உருவி முகர்ந்து பார்த்தால் பெட்ரோல் மணம் வரும். அவ்வாறு வந்தால் எண்ணெயை மாற்றாமல் இயந்திரத்தைச் சுழற்றவே கூடாது.

அடைபடுதலில் கணினி நடந்துகொள்ளும் முறை சுவையானது. புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணரி, நான்கு சிலிண்டர்களின் புகையும் கலந்தபின் அதை அளக்கிறது. ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோல் குறைந்தால் எரியாத ஆக்சிஜன் மிகுகிறது. உணரி ‘பெட்ரோல் போதவில்லை’ என்கிறது. யாருக்குப் போதவில்லை என்று சொல்ல அதற்கு வழியில்லை. கணினி நால்வருக்கும் கூடுதலாக ஊற்றுகிறது. பட்டினி கிடந்தவருக்குப் பசி முழுதும் தீர்வதில்லை. நன்றாக இருந்த மூவருக்கும் அளவு மீறிப்போகிறது. அவர்களுடைய பிளக்குகள் கரிபிடிக்கின்றன. பட்டறைக்காரர் கரிபிடித்த மூன்று பிளக்குகளைக் கண்டு அங்கேதான் பழுது என்று நினைத்தால், பழுதற்ற மூன்றையும் கழற்றிவிட்டுப் பழுதுள்ள ஒன்றை விட்டுவிடுவார். இது வகுப்பில் கணக்காகவும் கட்டுரையாகவும் கொடுக்கத்தக்க செய்தி.

நீக்கும் முறைக்கு வருவோம். உட்செலுத்தியில் கை வைப்பதற்குமுன் தொட்டியில் கை வைக்க வேண்டும். கெட்ட பெட்ரோலும் துருவும் தொட்டியில் இருக்கையில் உட்செலுத்தியை மட்டும் கழுவிப் பொருத்துவது, கலங்கிய கிணற்றை விட்டுவிட்டுக் குடத்தை மட்டும் துலக்குவதாகும். பழைய பெட்ரோலை முழுதும் இறக்கி, தொட்டியின் உட்புறத்தை ஒளி பாய்ச்சிப் பார்த்து, பம்பின் அடியிலுள்ள சல்லடையையும் பெட்ரோல் வடிகட்டியையும் மாற்ற வேண்டும். ஒளி பாய்ச்சும் விளக்கு தீப்பொறி எழுப்பாத வகையாக இருத்தல் இன்றியமையாதது. வடிகட்டி துருத்துகளைத் தடுக்குமேயன்றி, பெட்ரோலில் கரைந்து வரும் பிசினைத் தடுக்காது. பிசின் அதனூடே எளிதாகக் கடந்து ஊசிமுனைவரை செல்லும்.

அடுத்து, மொழியாசிரியர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய ஓரிடம். ஒரு மாணவர் பின்வருமாறு எழுதுவதாகக் கொள்வோம்: ‘பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் அழுத்தத்தை நீக்கி, குழாயைப் பிரித்து, உட்செலுத்திகளை உருவி எடுக்கவும்.’ இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சங்கள் அழகாகக் கோத்து நிற்கின்றன. முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆயினும் இதன்படி செய்ய முடியாது. அழுத்தத்தை நீக்குவதற்கு, பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு இயந்திரத்தைச் சில முறை சுழற்ற வேண்டும். பேட்டரியை முன்பே கழற்றிவிட்டால் சுழற்றுவது எப்படி? முதல் இரு செயல்களும் இடம் மாறியுள்ளன. ஓடும் வாக்கியத்தின் இன்னோசை அதை மறைத்துவிடுகிறது. மேலும் நம் எச்சத்தொடரில் அழுத்தம் முழுதும் இறுதி முற்றுவினைமேல் விழுகிறது. உயிரைக் காக்கும் செயல்கள் அதற்கு முன்னொட்டிய சிறு செயல்களாகச் சுருங்கிவிடுகின்றன. ஆகவே இடருள்ள செய்முறையில் ஒவ்வொரு காப்புச் செயலுக்கும் தனி முற்றுவினை கொடுப்பதே முறை என்பது என் கருத்து. அதன்படி எழுதிக் காட்டுகிறேன்.

திறந்த வெளியில் அல்லது காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்க. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து தொலைவிலுள்ள நெருப்பையும் தேடிச் செல்லும். சாமி விளக்கோ, ஊதுவத்தியோ, நீர்சூடாக்கியோ அருகில் இருத்தல் கூடாது. பெட்ரோல் தீக்குரிய தீயணைப்புக் கருவியைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்க. பம்பின் ஃபியூஸை எடுக்க. இயந்திரத்தைச் சில விநாடிகள் வீதம் இரண்டு மூன்று முறை சுழற்றுக. அதன்பின் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுக. பகிர்குழாயின் இணைப்பைத் துணியால் சுற்றிக்கொண்டு மெல்லத் தளர்த்துக. ‘வண்டி ஈராண்டாக நிற்கிறது, அழுத்தம் எங்கே இருக்கப்போகிறது’ என்று எண்ணுதல் ஆகாது. சாவியைத் திருப்பிப் பார்த்த அந்த ஒரு நொடியிலேயே பம்ப் ஓடி அழுத்தத்தை மீண்டும் ஏற்றியிருக்கும்.

பகிர்குழாயோடு உட்செலுத்திகள் வெளிவரும். எது எந்தச் சிலிண்டருக்குரியது என்று குறித்து வைத்தல் நல்லது. ஒவ்வொன்றின் மேலும் கீழும் ரப்பர் வளையங்கள் இருக்கும். மேல்வளையம் 3 பார் அழுத்தமுள்ள பெட்ரோலைத் தடுக்கிறது. கீழ்வளையம் வெளிக்காற்று உட்கொள் குழாய்க்குள் புகாமல் தடுக்கிறது. பழைய வளையத்தை ஒருபோதும் திரும்பப் பொருத்துதல் கூடாது. சூடான இயந்திரத்தின்மேல் பெட்ரோல் கசிந்து எரியும் தீவிபத்துக்கு இச்சிறு வளையமே வழியாகக்கூடும்.

கழுவுவதற்குமுன் மின்தடையை அளக்க வேண்டும். உயர்தடை வகையில் 12 முதல் 16 ஓம் வரையும், தாழ்தடை வகையில் 2, 3 ஓமும் காட்டும். அளவுமானி எல்லையின்மையைக் காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. எவ்வளவு கழுவினாலும் அந்த உட்செலுத்தி எழாது. சுருள் நன்றாக இருந்து, மின்சாரம் தொட்டு எடுக்கும்போது ‘டக்’ என்னும் ஒலி எழாவிட்டால் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொட்டு எடுத்தல் என்பதைச் சொல்லுக்குச் சொல் கொள்க. மின்சாரத்தைப் பிடித்தே வைத்திருந்தால் சுருள் கருகும். தாழ்தடை வகை இன்னும் விரைவாகக் கருகும்.

முறையான துப்புரவு, மீயொலித் தொட்டியில் நடைபெறுகிறது. மேல்வாயிலுள்ள கூடை வடிகட்டியை முதலில் உருவி எறிய வேண்டும். அதை விட்டுவைத்தால் அதில் சேர்ந்த குப்பை குலுங்கி உள்நோக்கி இறங்கும். ஊசிமுனை மட்டும் கரைசலில் மூழ்குமாறு நிறுத்தி, ஏறத்தாழ 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வை ஊட்டுவர். கரைசலில் நுண்குமிழிகள் தோன்றி உடைந்து, துலக்கியும் கையும் எட்டாத இடத்துப் பிசினைப் பெயர்த்தெடுக்கும். அதே நேரத்தில் மின்துடிப்பு கொடுத்து ஊசியைத் திறந்து மூடச் செய்தல் வேண்டும். மூடிய ஊசிக்குப் பின்னாலுள்ள அழுக்குக்கு வேறு வழியில்லை. பின்னர்க் கீழிருந்து மேலாகக் கழுவி, புதுக் கூடையையும் புது வளையங்களையும் மாட்டுவர். துளையைக் குண்டூசியாலோ கம்பியாலோ குத்துதல் கூடவே கூடாது. படிவு போகலாம், துளையின் வடிவமும் சேர்ந்து போய்விடும்.

கழுவியதன் பயனைச் சோதிக்கும் இடத்தில்தான் தமிழின் செல்வம் வெளிப்படுகிறது. நான்கு உட்செலுத்திகளையும் அளவுக்கோடிட்ட கண்ணாடிக் குழல்களின்மேல் நிறுத்தி, தீப்பற்றுதல் குறைந்த சோதனை நீர்மத்தை அழுத்தத்தில் செலுத்துவர். அப்போது காண்பதைச் சொல்ல நம்மிடம் எத்தனை வினைகள்! நல்ல உட்செலுத்தி தூவும்: பனிப்புகை போன்ற சீரான கூம்பு விரியும். அரைகுறையாக அடைபட்டது பீய்ச்சும்: ஒரே கோடாகப் பாயும். ஒரு பக்கம் படிவு உள்ளது கோணிச் சிதறும். மூடிய நிலையில் அழுத்தத்தைத் தாங்க இயலாதது சொட்டும். இன்னும் கெட்டது ஒழுகும். வளையத்தின் விளிம்பில் ஈரம் கட்டினால் அது கசிதல். தூவுதல், பீய்ச்சுதல், சிதறுதல், சொட்டுதல், ஒழுகுதல், கசிதல் ஆகிய ஆறும் ஆறு வேறு நிலைகள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பரிகாரம் உண்டு. பாட்டி வீட்டுக் கூரையைப் பற்றிச் சொன்ன சொற்கள் இவை. புதிதாக ஆக்க வேண்டியவை அல்ல. ‘உட்செலுத்தி’ என்னும் பெயரைச் சொல்வதா, ‘இன்ஜெக்டர்’ என்றே விடுவதா என்று வாதிடுவதைவிட, இவ்வினைகளை மாணவர் பிழையின்றி ஆள்வதையே நான் பெரிதாக மதிக்கிறேன். பெயரைக் கடன் வாங்கலாம். நடந்ததைச் சொல்லும் வினையைக் கடன் வாங்குவது எளிதன்று.

மூடிய நிலையில் ஒரு நிமிடத்தில் ஒரு சொட்டுக்குமேல் விழுதல் கூடாது என்பது பொதுவான அளவு. குழல்களில் சேர்ந்த நீர்மம் நான்கிலும் ஏறத்தாழச் சமமாக நிற்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் மீண்டும் கழுவுவர். இரண்டாம் முறையும் தாழ்ந்தால் மாற்றிவிடுவதே சிக்கனம்.

கடைகளில் விற்கும் துப்புரவு நீர்மத்தைத் தொட்டியில் ஊற்றினால் போதாதா என்று கேட்பவர் உண்டு. தரமானவற்றில் உள்ள பாலிஈதரமீன் என்னும் பொருள் படிவை உண்மையாகவே கரைக்கும். ஆனால் அது பெட்ரோலோடு சேர்ந்து துளை வழியே பாய்ந்தால்தான் வேலை செய்யும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் இலேசான படிவுக்கு அது தக்க மருந்து. ஒட்டிக்கொண்ட ஊசியைக் கடக்க வழியில்லாத மருந்து தொட்டியிலேயே கிடக்கும்.

பொருத்தும்போது புது வளையங்களில் சிறிது இயந்திர எண்ணெய் தடவுக. உலர்ந்த ரப்பர் மடிந்து கிழியும். தொட்டியில் புதுப் பெட்ரோல் ஊற்றுக. ஃபியூஸையும் பேட்டரியையும் இணைக்க. இயந்திரத்தைக் கிளப்பாமல் சாவியை இரண்டு மூன்று முறை திருப்பி நிறுத்துக. பம்ப் ஓடி அழுத்தம் ஏறும். இப்போது ஒவ்வொரு மேல்வளையத்தையும் விரலால் தடவி, ஈரம் உண்டா என்று பார்க்க. ஈரமில்லை என்று உறுதியான பின்னரே கிளப்புக. முதல் சில நிமிடங்கள் பழைய பெட்ரோலின் எச்சம் எரிந்து புகையும், ஓட்டம் சற்றுத் தடுமாறும். பத்து நிமிடம் ஓடியபின் சும்மா ஓடும் வேகம் சீர்ப்பட்டிருந்தால் இயந்திரத்தை நிறுத்தி, வளையங்களை மீண்டும் ஒரு முறை பார்க்க. சூட்டில் கசிவது குளிரில் கசியாமல் இருந்திருக்கலாம்.